எட்டுக்குப் பத்து அறையில் கைப்பிள்ளைக்கு இடம்: மதுரைக் கடைச் சரக்கில் எது தேறும், எது தேறாது

தொட்டிலை வாங்குகிறவர் தாய்மாமன். அதைப் போட வேண்டிய அறை இருப்பதோ பிள்ளையின் அப்பா வீட்டில். நடுவில் யாரும் டேப் பிடிப்பதில்லை. டவுன்ஹால் ரோட்டிலோ பைபாஸ் ரோட்டுக் கடையிலோ பார்க்க லட்சணமாக நின்ற தொட்டில், வில்லாபுரத்திலோ ஜெய்ஹிந்துபுரத்திலோ உள்ள சின்ன அறைக்குள் வந்ததும் பீரோக் கதவைத் திறக்கவிடாமல் குறுக்கே நிற்கும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. இந்தப் பக்கம் தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில்தான். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பார்த்துத்தான் பிள்ளையை அப்பா வீட்டுக்கு அழைத்து வருவார்கள். அதற்குள் அது குப்புற விழ ஆரம்பித்திருக்கும், இல்லை இன்றோ நாளையோ என்றிருக்கும். தொங்கும் தொட்டில், தூளி எல்லாவற்றுக்கும் குப்புற விழும் பருவத்தோடு கெடு முடிகிறது. அதாவது, ஆசை ஆசையாக அறையைத் தயார் செய்து தொட்டிலைத் தொங்கவிட்டால், அதற்குள் படுக்க வேண்டிய ஆள் அந்தப் பருவத்தைத் தாண்டி வந்து சேர்கிறது. ஆகவே தொட்டிலுக்கான காசைத் தாய்வீட்டில் செலவழியுங்கள், கம்பி அடைத்த கட்டிலுக்கான காசை அப்பா வீட்டில் செலவழியுங்கள் என்பதே எங்கள் தீர்ப்பு. கடைகளில் கிடைக்கும் சரக்கை இந்தக் கணக்கை வைத்தே எடை போட்டிருக்கிறோம்.

முதலில் தரையை அளந்துவிடுவோம். எட்டுக்குப் பத்து என்றால் 80 சதுர அடி. அம்மா படுக்க ஆறுக்கு மூன்று ஒற்றைக் கட்டில் 18 சதுர அடி, நாலுக்கு இரண்டு பிள்ளைக் கட்டில் சட்டத்தோடு சேர்த்து 9, இரும்பு பீரோ 5. மிச்சம் 48. கேட்க நிறையத் தெரியும். ஆனால் அறைக் கதவு திறக்க இரண்டரை அடி, பீரோக் கதவு திறக்க ஒன்றரை அடி, ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க இரண்டடிப் பாதை என்று கழித்துக்கொண்டே வந்தால், துணி மாற்றும் மேசைக்கு இடமே இல்லை. அந்த மேசையை வாங்கவே வேண்டாம். கட்டில் மேல் ஒரு ரப்பர் ஷீட், அதன்மேல் மடித்த பருத்தித் துணி போதும். இன்னும் நல்லது, தரையில் கோரைப்பாய். பாயிலிருந்து பிள்ளை உருண்டால் விழுவதற்கு இடமில்லை.

சேலைத் தூளியும் ஸ்பிரிங்கும். எல்லாவற்றிலும் மலிவு இதுதான். ஸ்பிரிங், கொக்கி, குறுக்குக் கம்பு மூன்றும் சேர்ந்தே ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. பழைய பருத்திச் சேலை வீட்டிலேயே இருக்கும். காற்றோட்டம், வியர்வை உறிஞ்சுவது, துவைக்க எளிது என்று பார்த்தால் சித்திரை வெயிலில் இதற்கு ஈடான படுக்கை கிடையாது. ஆனால் இதைப் பகல் தூக்கத்துக்கு, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி வளைந்து தொங்குவதால் பச்சைப்பிள்ளையின் முகவாய் நெஞ்சில் போய் ஒட்டும். கழுத்து நிற்காத பிள்ளைக்கு அந்த நிலையில் மூச்சுப்பாதை ஒடுங்கும், அதைத் தானாக நிமிர்த்திக்கொள்ளவும் தெரியாது. ராத்திரித் தூக்கம் எப்போதும் சமமான, கெட்டியான படுக்கையில், மல்லாக்கத்தான்.

குறுக்குக் கம்பு இல்லாமல் தூளி கட்டவே கட்டாதீர்கள். துணியின் இரண்டு பக்கமும் முகத்தின்மேல் வந்து மூடாமல் விரித்துப் பிடிப்பது அந்தக் கம்புதான். இரண்டடிக்குக் குறையாத கம்பாகப் பாருங்கள். ஸ்பிரிங்கில் கவனிக்க வேண்டியது சுருளை அல்ல, இரண்டு முனையிலும் உள்ள வளைவை. தேய்ந்து வாய் பிளப்பது அந்த இடம். வளைவு முழுதாக மூடியிருக்க வேண்டும். நகம் நுழையும் இடைவெளி இருந்தால் வேறு எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஸ்பிரிங்குக்குள் ஒரு நைலான் கயிற்றை விட்டு, மேலே கொக்கியிலும் கீழே கம்பிலும் கட்டிவிடுங்கள். ஸ்பிரிங் முழுதாக இழுபடும் நீளத்தைவிட நாலு விரல் கூடுதலாக அந்தக் கயிறு இருக்கட்டும். ஸ்பிரிங் அறுந்தாலும் கயிறு தாங்கும். சுருளுக்கு மேல் துணி உறை போடாவிட்டால் மூத்த பிள்ளையின் விரல் ஒரு நாள் அதற்குள் போகும். தூளியின் அடி தரையிலிருந்து ஓர் அடி, மிஞ்சினால் ஒன்றரை அடி. பிள்ளையை எடுத்ததும் துணியைச் சுருட்டி மேலே சொருகிவிட வேண்டும். காலித் தூளியில் மூத்த பிள்ளைகள் முறுக்கி விளையாடிக் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

கொக்கி விஷயத்தில்தான் இந்த ஊரில் நிறையக் கோளாறு. கான்கிரீட் தளம் போடும்போதே தொட்டில் கொக்கி விட்டிருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் துளை போட்டு 10 மி.மீ. ஆங்கர் போல்ட் இறக்க வேண்டும். வாய் திறந்த கொக்கியைவிட மூடிய வளையமாக இருப்பது நல்லது. மாசி வீதிகளுக்குள் இருக்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இந்த வேலை செல்லாது. அங்கே மேலே இருப்பது மரக்கட்டைகள்மேல் செருகி அடுக்கிய செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். ஆங்கர் விரியும்போது செங்கல் பிளக்கும், இரண்டு மாதத்தில் கழன்று வரும். அந்த வீடுகளில் கட்டையைச் சுற்றிக் கயிறோ சங்கிலியோ போட்டுத்தான் கட்ட வேண்டும். பொய்க்கூரைப் பலகையில் போடவே கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? எந்தக் கொக்கியானாலும் 25 கிலோ அரிசிச் சிப்பத்தை ஒரு ராத்திரி தொங்கவிட்டு, காலையில் பிடித்து ஆட்டியும் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைப் போட வேண்டும். ஃபேன் கொக்கியில் தூளி கட்டுவது பொய்க்கூரையைவிடப் பெரிய வம்பு.

ஃபேன் என்றதும் ஒரு கணக்கு. 1200 மி.மீ. ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து இரண்டடி நீளும். பத்தடி நீள அறையில் ஃபேன் நட்டநடுவில் இருந்தால், இறக்கை முனைக்கும் எட்டடிச் சுவருக்கும் இடையே மூன்றடிதான். தூளிக் கொக்கியைச் சுவரிலிருந்து ஒன்றரை அடியில் போட்டால்தான் கயிற்றுக்கும் இறக்கைக்கும் நடுவே ஒன்றரை அடி கிடைக்கும். அப்போது கம்பு சுவரைப் பார்த்து நிற்க வேண்டும், ஆட்டம் சுவரோரமாகவே போய்வர வேண்டும். மாற்றி ஆட்டினால் ஒரு பக்கம் சுவர் இடிக்கும். அறைக்கு 900 மி.மீ. ஃபேன் போட்டால் அரையடி கூடுதலாகக் கிடைக்கும். புதிதாக வாங்குவதானால் பி.எல்.டி.சி. ஃபேன் வாங்குங்கள். சாதா ஃபேன் 70, 75 வாட் இழுக்கிற இடத்தில் இது 30 வாட் சுமாருக்கு ஓடும். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ராத்திரி முழுக்கத் தாங்குவது அதனால்தான்.

ஸ்டாண்டு தொட்டில். இரும்புக் குழாய்ச் சட்டம், நடுவில் துணியோ வலையோ. மடக்கி கட்டிலுக்கடியில் தள்ளலாம், தாய்வீட்டிலிருந்து அப்பா வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில்கூட வந்துவிடும். கொக்கி போட முடியாத வாடகை வீட்டுக்கும், மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்கும் இதுதான் வழி. தாய்மாமன் கேட்டால் இதையே சொல்லுங்கள். கடையில் நிறுத்தி வைத்து, மேல் சட்டத்தைப் பக்கவாட்டில் ஒரு கையால் இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கக் கால் தரையைவிட்டுக் கிளம்பினால் வேண்டாம். மடக்குமிடத்தில் பின் போட்டுப் பூட்டுகிற வகைதான் நல்லது, வெறும் அழுத்தத்தில் நிற்பது ஒரு நாள் மடங்கும். காலில் உள்ள ரப்பர் மூடி கழன்றால் டைல்ஸ் கீறும், தொட்டிலும் நகரும், இரண்டு செட் கூடுதலாகக் கேட்டு வாங்கி வையுங்கள். துரு வெல்டிங் மூட்டில்தான் ஆரம்பிக்கும். மூத்திரம் சொட்டி, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பெயிண்ட் அங்கேதான் முதலில் உரியும்.

ஆடும் மரத் தொட்டில், யாளி முகமும் அன்னப் பறவையும் கடைந்து செதுக்கியது, படத்துக்கு நன்றாக இருக்கும். பேர் வைக்கிற அன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் வாடகைக்கே கிடைக்கிறது. விலைக்கு வாங்கி அறையில் வைக்க மூன்றடிக்கு ஒன்றரை அடி மட்டும் போதாது, ஆடும் இடமும் வேண்டும். ஆழமும் குறைவு, பிள்ளை கையை ஊன்றி எழ ஆரம்பித்ததும் எட்டிப் பார்த்து விழும். மோட்டார் தொட்டில் தேவையில்லை. கரண்ட் போனால் ஆட்டம் நிற்கும், ஆட்டம் நின்றால் பிள்ளை விழிக்கும், அதன்பிறகு கையால் ஆட்டினால் கேட்காது.

இனி கட்டில். அப்பா வீட்டு அறையில் இரண்டு வருஷத்துக்கு மேல் நிற்கப்போவது இதுதான் என்பதால், காசையும் நேரத்தையும் இதில் போடுங்கள். கடையில் ரப்பர் மரத்தில் செய்தது எட்டாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரை போகிறது. பார்க்க வேண்டியது நாலு. கம்பிகள் நெட்டாக மட்டும் இருக்க வேண்டும், குறுக்குக் கம்பி இருந்தால் பிள்ளை அதை ஏணியாக்கும். இரண்டு கம்பிக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது, அதாவது இரண்டேகால் இஞ்சு. அதற்கு மேல் போனால் உடம்பு நுழைந்து தலை மாட்டும். அடிப்பலகையை இரண்டு மூன்று உயரத்தில் மாற்றிப் போட முடிய வேண்டும். பிள்ளை உட்காரத் தொடங்கியதும் ஒரு படி இறக்கி, பிடித்து நிற்கத் தொடங்கியதும் கடைசிப் படிக்குக் கொண்டுபோக வேண்டும். கடைசிப் படியில் பலகையிலிருந்து மேல் சட்டம் வரை இரண்டடிக்குக் குறையக் கூடாது. நாலாவது, மூலைத் தூண்கள் சட்டத்துக்கு மேல் துருத்தக் கூடாது, கழுத்து மணியோ சட்டைக் கழுத்தோ மாட்டும்.

நம்மூர் ஆசாரிகளிடம் செய்தால் வேம்பிலோ தேக்கிலோ கடைச் சரக்கைவிடத் திடமாகக் கிடைக்கும். ஆனால் அளவைச் சொல்லாமல் விட்டால் ஜன்னல் கம்பிக்கு விடுகிற நாலு இஞ்சு இடைவெளியே கைப்பழக்கத்தில் வந்துவிடும். தலைப்பக்கம் மயிலோ தாமரையோ துளைத்து வெட்டிக் கொடுப்பதும் வழக்கம். அந்தத் துளையில் கைமுட்டி மாட்டும், பூ வேலை வேண்டுமானால் துளைக்காமல் மேலாகச் செதுக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, கட்டிலுக்கு முன்னால் மெத்தையை வாங்குங்கள். 48-க்கு 24 இஞ்சு மெத்தையை ஆசாரி கையில் கொடுத்து, அதற்குச் சரியாகச் சட்டம் செய்யச் சொல்லுங்கள். கட்டிலைச் செய்துவிட்டு மெத்தை தேடினால் ஒரு பக்கம் இரண்டு மூன்று இஞ்சு பள்ளம் விழும், அதில் பிள்ளையின் முகம் புதையும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. அடிப்பலகை பிளைவுட் என்றால் அரை அடிக்கு ஒன்றாகத் துளை போடுங்கள், வியர்வை ஈரம் அடியில் தங்கிப் பூஞ்சை பிடிப்பதை அது தடுக்கும். கழற்றி மாட்டும் போல்ட்டுகளை மாதம் ஒரு தரம் இறுக்க வேண்டும், வெயில் காலத்தில் மரம் சுருங்கி அவை தளரும்.

மெத்தையில் போடி இலவம்பஞ்சுக்கு இன்னும் மவுசு. பெரியவர்களுக்கு அதைப்போலக் குளிர்ச்சி வேறில்லை, ஆனால் கைப்பிள்ளைக்கு வேண்டாம். பஞ்சு அமுங்கி, தலை இருக்கும் இடத்தில் குழி விழும். மூன்று நாலு இஞ்சு கெட்டியான தேங்காய்நார் மெத்தை சரி. உள்ளங்கையை அழுத்தி எடுத்தால் பதிந்த தடம் உடனே மறைய வேண்டும். கடையில் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறியுங்கள், அதோடு போட்டால் முதுகெல்லாம் வேர்க்குரு. ரப்பர் ஷீட்டை மெத்தை முழுக்க விரிக்காமல் இடுப்புக்குக் கீழே வரும்படி மட்டும் போட்டு, மேலே பருத்தித் துணியை இழுத்துச் சொருகுங்கள்.

படுக்கை செட் என்று ஒன்று, வலைக்குடை, தலையணை, இரண்டு குட்டித் திண்டு எல்லாம் சேர்த்து, எல்லாக் கடையிலும் தொங்கும். வளைகாப்புக்குப் பரிசாக நாலைந்து வந்து சேரும். அதில் வலையை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பரணில் ஏற்றுங்கள். ஒரு வயது வரை தலையணையும் திண்டும் படுக்கையில் இருக்கக் கூடாது. கட்டில் கம்பியைச் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்பும் அப்படியே. அமெரிக்காவில் 2022-ல் சட்டம் போட்டே அதன் விற்பனையைத் தடை செய்தார்கள். தலை உருண்டையாக வர அப்பத்தா தைத்துத் தரும் கடுகுத் தலையணை கொஞ்சம் சங்கடமான இடம். பகலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள், படுக்கைக்கு வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் சண்டை வராது.

கொசு. குடத்திலும் டிரம்மிலும் தண்ணீர் பிடித்து வைக்கும் ஊர் இது. டெங்குக் கொசு பகலில் கடிப்பது, ராத்திரிக்கு மட்டும் வலை என்ற கணக்கு உதவாது. குடை வலை குப்புற விழும் வரைக்கும்தான். அதன்பிறகு பிள்ளை இழுத்து முகத்தில் போட்டுக்கொள்ளும். அதனால் வலையை ஜன்னலுக்கு அடியுங்கள், அறையே வலைக்குள் வந்துவிடும். வெல்க்ரோ ஒட்டும் வலை மலிவு, ஆனால் சுண்ணாம்போ டிஸ்டம்பரோ அடித்த சுவரில் ஒட்டினால் பத்து நாளில் தொங்கும். பசை பிடிப்பது சுவரை அல்ல, மேலே உள்ள தூளை. ஜன்னலின் மரச் சட்டத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு அங்கே ஒட்டுங்கள். வீடு சொந்தமென்றால் அலுமினியச் சட்டம் போட்ட வலையே நிம்மதி.

அறைக்கு அழகு எங்கிருந்து வரும் என்று கேட்டால், நாங்கள் சுட்டிக்காட்டுவது சுங்குடியை. 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்த ஊர்த் துணி. பிள்ளை அறைக்கென்று விற்கும் கார்ட்டூன் திரைச்சீலை பாலியஸ்டர், காற்றை மறிக்கும். சுங்குடி நல்ல பருத்தி. ஐந்தரை மீட்டர் சேலை என்பது 18 அடி. ஆறாறு அடியாக மூன்று துண்டு போடுங்கள். மேலே கம்பி நுழையும் மடிப்பு, கீழே நாலு இஞ்சு மடிப்பு போக ஐந்தேகால் அடிக்குக் குறையாமல் திரை கிடைக்கும். நாலடி ஜன்னலுக்கு இரண்டு துண்டு, சுருக்கம் விழுந்து அழகாக நிற்கும். மூன்றாவது துண்டு சிமெண்ட் சிலாப் அலமாரிக்கு முன்னால் திரை. மேற்குப் பார்த்த ஜன்னலானால் உள்பக்கம் வெள்ளைக் காடாத் துணி சேர்த்துத் தையுங்கள், இல்லாவிட்டால் சாயம் வெளுத்துவிடும். தைப்பதற்கு முன் உப்புத் தண்ணீரில் தனியாக ஊறவைத்து அலசுங்கள். அரக்குச் சிவப்பும் கரும்பச்சையும் முதல் இரண்டு அலசலுக்குச் சாயம் விடும், துணியும் சற்றுச் சுருங்கும். கையால் முடிச்சுப் போட்டதா, அச்சா என்று பார்க்கத் துணியைத் திருப்புங்கள். முடிச்சுப் போட்டதில் புள்ளிகள் கொஞ்சம் கோணலாக, இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். அச்சில் பின்பக்கம் மங்கும். திரைக்கு அச்சே போதும், கைமுடிச்சுச் சேலையை வெட்ட மனம் வராது.

சுவருக்கு வெள்ளையோ வெளிர் சந்தன நிறமோ அடித்துவிட்டு, சேலையின் நிறத்தில் ஒரே ஒரு சுவர். பிள்ளை வருவதற்கு ஒரு மாதம் முன்பே பெயிண்ட் வேலை முடிந்து ஜன்னல் திறந்தே கிடக்க வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் அடித்த ஜன்னல் கம்பி உங்கள் அறையில் இருந்தால் அதைப் பற்றிக் கவலைப்படுங்கள். பிடித்து நிற்கும் பிள்ளை முதலில் வாய் வைப்பது அந்தக் கம்பியில்தான். உலர்வாகத் தேய்க்காதீர்கள், தூசி பறக்கும். கர்ப்பிணி வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து, ஈரத் தாள் போட்டுத் தேய்த்து, துடைத்தெடுத்து, பிரைமரும் புதுப் பெயிண்டும் அடிக்க வேண்டும்.

மாடியில் மேல் தளத்து அறையானால் மேற்குச் சுவரிலிருந்து கட்டிலை ஓர் அடியாவது தள்ளிப் போடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கும் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது. ஜன்னலடியிலும் வேண்டாம், பிள்ளை ஏறும். ஏ.சி. இருந்தால் 25, 26-ல் வைத்து, காற்று நேரே படாமல் திருப்புங்கள். குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடுவது விடாது என்றால் கூடத்தில் போடுங்கள், எட்டுக்குப் பத்தில் கதவை மூடிக்கொண்டு வேண்டாம்.

கடைசியாக பீரோ. நடக்கப் பழகும் பிள்ளை திறந்த கதவைப் பிடித்துத் தொங்கினால் கனமான பீரோவும் முன்னால் சாயும். நாலு காலும் சமமாகத் தரையில் படுகிறதா பார்த்து, முன்காலுக்கடியில் மெல்லிய டைல்ஸ் துண்டு வைத்து ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்சு, பின்சாய்வு கொடுங்கள். மேல்பக்கம் எல் வடிவ இரும்புப் பட்டையால் சுவரோடு இறுக்குங்கள். உச்சியில் இருக்கும் சூட்கேஸும் பித்தளை அண்டாவும் பரணுக்குப் போகட்டும்.

சொந்தக்காரர் வீட்டுப் பழைய கட்டில் சும்மா வருகிறது என்றாலும் மேலே சொன்ன இரண்டேகால் இஞ்சுக் கணக்கை வைத்து அளந்து பாருங்கள். ஒரு பக்கச் சட்டம் மேலும் கீழும் இறங்கி ஏறும் வகையானால் வாங்காதீர்கள். அந்தக் கொண்டி தேய்ந்து சட்டம் பாதி கழன்று நிற்கும்போது நடுவில் பிள்ளை சிக்கியதால்தான் அமெரிக்காவில் 2011-ல் அந்த வகையையே நிறுத்தினார்கள். மற்றபடி போல்ட் எல்லாம் இருக்கிறதா, மரத்தில் உளுத்த துளை இருக்கிறதா என்று பார்த்து, புது மெத்தை மட்டும் வாங்கிப் போட்டால் பழையதே போதும்.